செலவழுங்கல்: நோயுற்ற வீட்டிலிருந்து புறப்படுதல் குறித்த ஒரு மறுப்பு

வீட்டில் ஒருவர் நோயில் விழுந்திருக்கும்போது பிள்ளை வெளிநாட்டுக்குப் புறப்படுவது பெற்றவரைக் கைவிடுவதாகும் என்ற கருத்து, தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே திருத்தங்கலிலும் வாதிட்டு நிறுவத் தேவையில்லாத உண்மையாக வழங்கிவருகிறது. 'படுக்கையில போட்டுட்டுப் போறான்' என்ற ஒரு தொடரில் தீர்ப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆகவே, விசா கைக்கு வந்தபின் தந்தைக்குப் பக்கவாதமோ தாய்க்குப் புற்றுநோயோ கண்டறியப்படும் குடும்பத்தின் முன் இரண்டே வழிகள் வைக்கப்படுகின்றன: பயணத்தை அடியோடு நிறுத்துவது, அல்லது நோயைப் புறப்படுபவரின் காதுக்கு எட்டவிடாமல் விமானம் ஏற்றிவிடுவது. முதலாவது பாசம் என்றும் இரண்டாவது விவேகம் என்றும் புகழப்படுகின்றன. ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும் இவ்விரண்டும், பராமரிப்பு என்றால் பிள்ளையின் உடல் அந்த வீட்டுக்குள் இருப்பதே என்ற ஒரே எண்ணத்தின் பிள்ளைகள். அந்த எண்ணம் பிழையானது. அதனால் முதலில் கேடுறுபவர் நோயாளியே.

எதிர்த்தரப்பின் வலுவை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவரை நிமிர்த்தி உட்காரவைக்க வங்கிக்கணக்கில் வந்து சேரும் பணத்தால் முடியாது. இரண்டு ஆண்டு என்று சொல்லிப் போய்ப் பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும், மாதந்தோறும் அனுப்பிய தொகையை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டவர்களும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். ஊராரின் ஐயம் அந்த அனுபவத்திலிருந்தே வருகிறது. எனினும், போனவர்களில் சிலர் கைவிட்டார்கள் என்பதிலிருந்து போவதே கைவிடுதல் என்ற முடிவுக்கு வர இயலாது. வீட்டிலேயே இருந்துகொண்டு கைவிட்டவர்களையும் எல்லா ஊரும் அறியும், ஆனால் அவர்களைக் குறிக்க ஒரு தனிச்சொல் உருவாகவில்லை.

பிள்ளை ஊரிலேயே தங்கிவிட்டால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதைத் திருத்தங்கலின் தொழில்களைக் கொண்டே பார்க்கலாம். 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூரின் உழைப்பில் பெரும்பங்கு தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றில் செல்கிறது. பட்டாசு ஆலைகளிலும், மக்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று சொல்லும் ஆலைகளிலும் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்கே வழங்கப்படுகிறது; அதாவது செய்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், நோயாளியோடு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலியில்லாத நாளாகிறது. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்ததும் அச்சகங்களில் வேலை குவிகிறது. தீபாவளி நெருங்க நெருங்கப் பட்டாசு வேலையும் அதேபோல் இறுகுகிறது. முன்பணம் வாங்கியவர் அந்த மாதங்களில் விடுப்புக் கேட்பது எளிதன்று. 'கூடவே இருக்கும் மகன்' என்று ஊர் மெச்சும் ஆள் பகல் முழுவதும் ஆலையில் இருந்து, இரவில் களைத்துப்போய் வந்து படுக்கிறார் என்றால், கட்டிலின் அருகில் இருப்பவர் யார்? கழிகலம் வைப்பவரும், மாத்திரை வேளை பார்ப்பவரும், படுக்கைப் புண் வந்த முதுகைப் பக்குவமாகத் துடைத்துவிடுபவரும் அநேகமாக அவருடைய மனைவியோ சகோதரியோ தாயோதான். அந்தப் பெண்ணும் பெட்டி ஒட்டியோ கட்டு கட்டியோ வந்த கூலியை விட்டுவிட்டே அங்கு அமர்ந்திருக்கிறார். மகனின் தியாகமாக ஊர் எண்ணிப் போற்றுவது, பெரும்பாலான வீடுகளில், பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணின் உழைப்பே.

இதைவிடக் கூர்மையான சான்று இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடும், முதலாளியின் பங்காக 3.25 விழுக்காடும் செலுத்தப்படும் இத்திட்டத்தில், தொழிலாளிக்கு மட்டுமின்றி அவரையே சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவ உரிமை உண்டு. வெளிநாடு செல்லும் மகன் அச்சக வேலையை விட்டு விலகியதும் சந்தா நின்றுபோகிறது. ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்குரிய பலன் காலம், அதாவது அந்தச் சந்தாவின் பேரில் சிகிச்சை பெறத்தக்க ஆறு மாதக் கெடு, முடிந்ததும் பெற்றோரின் உரிமையும் முடிந்துவிடுகிறது. புறப்படும் பிள்ளையோடு வீட்டைவிட்டு உண்மையில் வெளியேறுவது இந்த இ.எஸ்.ஐ. அட்டை. பாசத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசும் உறவினர் கூட்டத்தில், அட்டை எந்த மாதத்தோடு காலாவதியாகிறது, அதற்குள் எந்தப் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம், அதற்குப் பின் எதன் பேரில் சிகிச்சை தொடரும் என்ற மூன்று கேள்விகள் எழுவதே அரிது.

அந்த இடத்தை நிரப்பக்கூடியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கும் இத்திட்டத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு பதிவு செய்ய வேண்டும். ஆனால் அது பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்கும் உரியது. அன்றாட மாத்திரை, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு, உடன் செல்பவர் இழக்கும் கூலி, சத்தான சாப்பாடு ஆகியவை அதன் வரம்புக்கு வெளியே நிற்பவை. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது அந்தத் தொலைவை ஓரளவு குறைத்திருக்கிறது என்றாலும், நீண்ட நோய் ஒரு குடும்பத்தை வீழ்த்துவது பெரிய அறுவைக் கட்டணத்தால் மட்டுமன்று, இந்தச் சில்லறைச் செலவுகளின் இடைவிடாத ஒழுக்காலும்தான். ரொக்கம் தேவைப்படும் இடம் இது. அதை ஈட்டப் போகும் ஒருவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சாடுவோர், அந்த ரொக்கம் வேறு எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பெரும்பாலும் விடையாக வருவது வட்டிக்கடன். அல்லது அடுத்த பருவத்துக்கான முன்பணம், அதுவும் பெயர் மாறிய கடனே.

புறப்படுதல் இந்த மண்ணின் குணத்துக்கே மாறானது என்ற வாதமும் வரலாற்றில் நிலைக்காது. சிவகாசியை உருவாக்கிய தொழிலே ஒரு பயணத்தில் தொடங்கியது: அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பிய பிறகே இவ்வட்டாரத்தில் அத்தொழில் வேரூன்றியது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், தங்கால் என்ற பெயரில் இவ்வூரைக் காட்டும் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், சோழநாட்டுப் பராசரன் என்பவன் சேரனிடம் சென்று பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில் இங்குத் தங்குகிறான். தன்னோடு மறை ஓதிய சிறுவனுக்கு அணிகலன்களைக் கொடுத்துச் செல்கிறான். அயல்நாட்டிலிருந்து வந்த அந்தப் பொருள் வீட்டில் இருப்பதைக் கண்டு ஐயுற்ற அதிகாரிகள், சிறுவனின் தந்தை வார்த்திகனைக் காவலில் வைக்கிறார்கள். மனைவி கார்த்திகை நிலத்தில் அழுது புரள்கிறாள். ஐயை கோயிலின் கதவு திறவாமல் போன பிறகே பாண்டியன் பிழையை உணர்ந்து விடுவிக்கிறான். தொலைவிலிருந்து வந்த பொருளின் மீது ஊர் கொள்ளும் ஐயம் எவ்வளவு பழையது என்பதற்கும், அந்த ஐயம் ஆராயாமல் தீர்ப்பாகும்போது துன்புறுவது வீட்டில் இருப்பவர்களே என்பதற்கும் இக்கதையைவிட நெருங்கிய சான்று திருத்தங்கலுக்குக் கிடைக்காது.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் ஊர்ப்பேச்சைக் காட்டிலும் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. பொருள் ஈட்டுவதற்காகப் பிரிவதைத் தொல்காப்பியம் பிரிவு வகைகளுள் ஒன்றாக ஏற்கிறது. அதன் கற்பியலில் செலவழுங்கல் என்ற கருத்து வருகிறது: செலவு என்றால் பயணம், அழுங்கல் என்றால் தயங்கி நிற்றல். புறப்படத் துணிந்தவன் இடையில் நின்றுவிடுவது போகாமல் இருந்துவிடுவது ஆகாது. பின்னால் இருப்பவர் பிரிவைத் தாங்கும் அளவுக்குத் தேற்றி வலிமையூட்டுவதற்காகக் குறித்துச் செய்யும் தவிர்ப்பே அது என்பது அங்குக் கூறப்படும் விளக்கம். காதலர் இருவரைப் பற்றிய இலக்கணத்தை மருத்துவமனைக்குப் பொருத்தலாமா என்ற ஐயம் நியாயமானது. ஆயினும் போவது, போகாதிருப்பது ஆகிய இரண்டுக்கும் நடுவில், நோக்கத்தோடு கூடிய ஒரு தாமதத்துக்கு இம்மரபு தனிப் பெயர் சூட்டியிருப்பதைப் புறக்கணிக்கலாகாது. இன்றைய பேச்சில் அந்த நடு இடமே காணாமற்போயிருக்கிறது.

அந்தத் தாமதம் எவ்வளவு என்பதை நோயே சொல்லும். பக்கவாதத்தில் கை கால் அசைவு மீள்வது முதல் மூன்று மாதங்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது. இயன்முறைப் பயிற்சியை அன்றாடம் செய்விக்க ஆள் வேண்டிய காலம் அது, ஆகவே மூன்று மாதத் தள்ளிவைப்புக்குப் பொருள் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. அதில் முதல் இரண்டு மாதங்கள் தீவிரமானவை. மாத்திரை தவறாமல் விழுங்கப்படுவதைக் கண்காணிக்க ஒருவர் இருந்தால் போதும், அவர் மகனாகவே இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படாத வரை அதற்கு முடிவில்லை. முடிவில்லாத ஒன்றுக்காகப் பயணத்தைத் 'தள்ளிவைப்பது' என்பது ரத்து செய்வதன் மறுபெயர். முற்றிய புற்றுநோயில் வாரங்களே மீதமுள்ளன என்று மருத்துவர் சொன்னால், எந்த வேலையும் அந்த வாரங்களுக்கு ஈடாகாது. அங்கே போகக் கூடாது என்பதில் இக்கட்டுரைக்கும் ஊருக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம், இத்தனை வகை நோய்களையும் ஒரே சொல்லால் மூடி, எல்லாவற்றுக்கும் ஒரே விடையைக் கேட்பதில்தான்.

இரண்டாவது வழியாகிய மறைத்தல், முதலாவதைக் காட்டிலும் கொடியது. 'கிளம்புற நேரத்துல சொல்லி மனசைக் கெடுக்க வேண்டாம்' என்ற அக்கறையான சொற்களோடு அது நடப்பதால், அதன் கொடுமை கண்ணில் படுவதில்லை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மகளின் பயணம் முடியட்டும் என்று தாய் சொல்லாமல் வைத்திருப்பதும், இருமலில் கண்ட ரத்தத்தைத் தந்தை துண்டில் மறைப்பதும் நோய்க்குக் கால அவகாசம் கொடுக்கும் செயல்களே. காந்தியின் வாழ்வில் அருகில் இருப்பதும் மறைப்பதும் குறித்த இரு நிகழ்ச்சிகள் அவருடைய தன்வரலாற்றில் பதிவாகியுள்ளன. 1885-இல் தந்தை இறக்கும் தறுவாயில் அவர் அதே வீட்டில்தான் இருந்தார். கால் பிடித்துவிட்டு, சிற்றப்பா பொறுப்பை ஏற்றதும் தம் படுக்கையறைக்குச் சென்ற சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது. அந்தக் குற்ற உணர்வு அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. தாய் இறந்தபோதோ அவர் இங்கிலாந்தில் இருந்தார். அயல்நாட்டில் அந்த அதிர்ச்சி வேண்டாம் என்று தமையனார் செய்தியை மறைத்துவிட, 1891-இல் பம்பாயில் இறங்கிய பின்னரே அவர் அறிந்தார். ஒரே கூரையின் கீழ் இருப்பது கடைசி நொடியை உறுதி செய்யாது என்பதை முதல் நிகழ்ச்சி காட்டுகிறது. இரண்டாவதில், அன்பால் செய்த மறைப்பு, துக்கம் கொண்டாடும் காலத்தையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டது. கப்பல் ஏறிப் போன அந்தக் காலத்தில் மறைத்தலுக்கு ஒரு நடைமுறைக் காரணமாவது சொல்லலாம். வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கும் இன்று, மறைத்த செய்தி சில நாள்களில் அரைகுறையாகப் போய்ச் சேர்கிறது. அப்போது திரும்பிவரவும் வழியில்லாத இடத்தில் புறப்பட்டுப் போனவர் நிற்கிறார்.

வழியில்லை என்பது மிகைக்கூற்றன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தனியார் துறைத் தொழிலாளர் சட்டம், தாயோ தந்தையோ இறந்தால் மூன்று நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பைத் தருகிறது. அவர்கள் நோயுற்றிருக்கும் காலத்துக்கென்று தனி விடுப்பைத் தருவதில்லை. முழு ஆண்டு விடுப்பாகிய 30 நாள்களுக்கு ஓராண்டு பணி நிறைவு பெற வேண்டும். சிங்கப்பூரிலோ சட்டப்படி முதல் ஆண்டுக்குக் கிடைக்கும் விடுப்பு ஏழு நாள். இறப்புக்கான விடுப்புகூட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. சட்டங்கள் எதையாவது அறிந்திருந்தால் அது இறப்பை மட்டுமே, நோயை அறியவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, பெற்றவரின் நோயைச் சொல்லி, அவசர விடுப்பு எத்தனை நாள், பயணச்சீட்டு யார் பொறுப்பு, முன்விடுப்பு எடுக்கலாமா என்பனவற்றை எழுத்தில் பெற முயல வேண்டும். நோயை அறியாமல் புறப்பட்டவர் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கவே முடியாது என்பதே மறைத்தலின் மீது வைக்கத்தக்க மிகக் கடுமையான குற்றச்சாட்டு.

அரசின் ஏற்பாடுகளும் இதே பார்வைக் குறைவை உடையவை. வளைகுடா வேலைக்குப் போகிறவரின் நெஞ்சு எக்ஸ்-ரே முதல் ரத்தம் வரை அந்நாடுகள் ஏற்ற மருத்துவ மையங்களில் சோதிக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வழங்கப்படும், குடியேற்றச் சோதனை தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட்டில் செல்பவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம்; விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அது 10 லட்சம் ரூபாய் தருகிறது. போகிறவரின் உடலைச் சுற்றி இவ்வளவு அக்கறை இருக்க, அவர் விட்டுச் செல்லும் நோயாளியின் சிகிச்சை தொடருமா என்று கேட்கும் ஒரு படிவம்கூட அந்தக் கோப்பில் இல்லை.

கைவிடுதல் என்ற சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கும் பொருளையும் கவனிக்கலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவக் கவனிப்பு, சிகிச்சை ஆகியவற்றை அடக்குகிறது. முற்றாகக் கைவிடும் நோக்கத்தோடு முதியவரை ஓரிடத்தில் விட்டுச் செல்வதை மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. நோக்கம் என்ற சொல் அங்கு முதன்மையானது. பிள்ளை எந்த ஊரில் குடியிருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்பதில்லை; கிடைக்க வேண்டியவை கிடைத்தனவா என்று கேட்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தும் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கலாம்.

மாற்று வழி வெறும் கற்பனையா என்ற கேள்விக்கு அண்டை மாநிலத்தில் விடை உண்டு. வளைகுடாவுக்கு மிகுதியானோரை அனுப்பும் மாவட்டங்களுள் ஒன்றாகிய கேரளத்தின் மலப்புறத்தில், 1990-களின் இறுதியில், வலிதணிப்புச் சிகிச்சைக்கான அண்டைவீட்டார் கூட்டமைப்பு உருவானது. வலிதணிப்புச் சிகிச்சை என்பது குணமாக்க இயலாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், புண், அச்சம் ஆகியவற்றைக் குறைத்து நோயாளியைக் கவனிக்கும் மருத்துவ முறை. அதற்குமுன் 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய அமைப்பின் அனுபவத்தோடு, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றார்கள். 2008-இல் கேரள அரசு அதை ஒரு கொள்கையாகவே ஏற்றது. பிள்ளைகள் கடல்கடந்திருந்த ஒரு சமூகம், அவர்களைத் திட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, கட்டிலுக்கு அருகில் ஆள் இருக்க ஏற்பாடு செய்துகொண்டது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கு வருவதோடு, இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புக் கவனிப்பும் சேர்ந்திருக்கின்றன. திருத்தங்கலின் ஒரு தெருவில் ஒரு நோயாளியின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, மகன் போகலாமா என்று பத்துப் பேர் கூடிப் பேசுவதைவிடப் பயனுள்ள ஒரு மாலைப்பொழுது.

போவதே கைவிடுதல் என்ற கருத்தின் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாமியார் நோயுற்றால், செவிலியர் வேலைக்குத் தேர்வாகியிருக்கும் மருமகளின் பயணமே முதலில் நிறுத்தப்படுகிறது; அதே வீட்டில் மகனின் பயணம் குறித்தாவது விவாதம் நடக்கிறது. நோயாளியைப் பேணுவதைத் தொழிலாகக் கற்றவரை, அந்தத் தொழிலின் ஊதியம் இல்லாமல் வீட்டில் பேணச் சொல்வதைப் பாசம் என்று அழைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இத்தனை விவாதங்களிலும் குரல் கேட்கப்படாதவர் கட்டிலில் கிடப்பவர். வயது வந்த, சுயநினைவுள்ள நோயாளியின் ஒப்புதலுக்குப் பதிலாக உறவினரின் ஒப்புதலைப் பெறுவது போதாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அறுவைச் சிகிச்சை பற்றிய வழக்கு என்றாலும், தம் உடலைச் சுற்றி நடக்கும் முடிவில் நோயாளிக்கே முதல் சொல் என்ற நெறி இங்கும் பொருந்தும். அந்தச் சொல்லைப் பெறுவது எளிதன்று. சுற்றம் சூழ்ந்திருக்கும்போது கேட்டால், பெற்றவர் 'நீ போயிட்டு வாப்பா, எனக்கென்ன' என்றே சொல்வார். அது சம்மதமாகவும் இருக்கலாம், பாரமாக இருந்துவிடக் கூடாது என்ற அச்சமாகவும் இருக்கலாம். அறையில் வேறெவரும் இல்லாதபோது, நோயின் பெயரையும் அடுத்த மாதங்களில் யார் கவனிப்பார் என்பதையும் மறைக்காமல் சொல்லி, வெவ்வேறு நாள்களில் இருமுறையேனும் கேட்க வேண்டும். 'இப்ப போகாதே' என்று வந்தால், ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் நட்டமாகும் என்று தெரிந்தே தேதி மாற்றப்பட வேண்டும். 'போ' என்று வந்தால், யார் எந்தக் கிழமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார், அட்டை எங்கே இருக்கிறது, முதல் விடுப்பு எந்த மாதம் என்பவை அன்றைக்கே, அவர் கண்ணுக்கு எட்டும் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதப்பட வேண்டும்.